கூத்துக்களரியில் எல்லோருக்கும் ஓர் இடம்

(மீள்குடியேறிய குடும்பங்களுக்கான கிராமக் கூட்டமொன்றில் நாடகப் பயிற்றுநர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

காலையிலிருந்து வீட்டுத்திட்டம், கிணறு துப்பரவாக்கல், பிறப்புச் சான்றிதழ் என்று கேட்டுக் கேட்டுக் களைத்திருப்பீர்கள். வெயில் ஏற முன்னம் நான் முடித்துவிடுவேன். எனக்குத் தந்த விடயம் கலை. கூத்து, நாடகம், பாட்டு, படம் கீறுதல் எல்லாம் அதற்குள் வரும். ஊரில் இவற்றை மறுபடி தொடங்கும்போது கை கால் இழந்தவர்களையும், கண் தெரியாதவர்களையும், காது கேளாதவர்களையும், மனம் குழம்பிப் போயிருப்பவர்களையும் எப்படிச் சேர்த்துக்கொள்வது என்பதைப் பற்றித்தான் கதைக்கப் போகிறேன்.

போன மாதம் இன்னொரு கிராமத்தில் இதையே தொடங்கினேன். ஒரு பெரியவர் எழும்பி, "தம்பி, முதல்ல கூரைக்குத் தகரம் தாங்கோ. கூத்தைப் பிறகு பாப்பம்" என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. ஆனால் நாங்கள் யாரும் சொல்லாமலே நீங்கள் கூத்தைத் தொடங்கிவிடுவீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். கோயிலில் விளக்கு வைத்தால் அடுத்த வருஷம் பொங்கல் வரும். பொங்கல் வந்தால் நேர்த்திக் கூத்து வரும். தேவாலயத்தைத் திருத்தினால் திருநாளுக்கு நாட்டுக்கூத்து வரும். முன்பள்ளி திறந்தால் பிள்ளைகளின் கலைநிகழ்ச்சி வரும். தகரம் வரும்வரைக்கும் எந்த ஊரும் காத்திருந்ததை நான் காணவில்லை. அப்படி அது வருகிற நாளில் யார் களரியில் நிற்கப் போகிறார்கள், யார் வீட்டுக்குள் இருக்கப் போகிறார்கள் என்பதை இப்போதே யோசித்து வைத்தால் நல்லது.

வீட்டுக்குள் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. நாங்கள் வளவு வளவாகப் போய், "உங்கள் வீட்டில் கூத்துப் பழக வரக்கூடியவர்கள் எத்தனை பேர்?" என்று கேட்போம். "ரெண்டு பேர்" என்பார்கள். பிறகு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கையில் கொட்டிலின் பின்பக்கத்தில் இன்னொருவர் இருப்பது தெரியவரும். ஒரு வீட்டில் தாய் சொன்னார்: "அவளுக்கு உதுகளில விருப்பமில்லை." கால் இழந்த மகள் அவருக்குப் பின்னால் இருந்து, "என்ன கூத்து?" என்று கேட்டாள். தாயைக் குறை சொல்ல நான் வரவில்லை. பிள்ளையை மற்றவர்கள் பார்த்து உச்சுக்கொட்டுவதைத் தாங்க முடியாமல்தான் அவர் மறைத்து வைத்தார். என்றாலும், கேட்கவேண்டிய ஆளிடம் கேட்காமல் மற்றவர்களிடமே கேட்டுக்கொண்டிருந்தது எங்கள் பிழை. அன்றிலிருந்து நாங்கள் அந்தந்த ஆளிடமே கேட்கிறோம்.

எங்களுடைய கலைக்கு இந்த விடயம் புதிதா என்றால், இல்லை. நொண்டி நாடகம் என்று ஒரு பழைய வகை இருக்கிறது. களவுக்குப் போய்ப் பிடிபட்டுக் கால் வெட்டப்பட்ட ஒருவன், தன் கதையைத் தானே சொல்லி ஆடுவான். கடைசியில் தெய்வத்தின் சன்னிதிக்குப் போவான், கால் வளர்ந்துவிடும். சைவர்களுக்குத் திருச்செந்தூர் நொண்டி நாடகம் இருந்தது. முஸ்லிம்களுக்குச் சீதக்காதி நொண்டி நாடகம் இருந்தது. கிறிஸ்தவர்களுக்கு ஞான நொண்டி இருந்தது. மூன்று சமயத்தவரும் கால் இல்லாத ஒருவனைக் கதாநாயகனாக வைத்து ஆடியிருக்கிறார்கள் என்பது எனக்குப் பிடித்த விடயம். பேராசிரியர் சு. வித்தியானந்தனும் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு 1963 இல் நொண்டி நாடகத்தை மேடையேற்றினார்.

பிடிக்காத விடயமும் அதிலேயே இருக்கிறது. கால் போனது அவன் செய்த குற்றத்துக்குத் தண்டனை. திருந்தினால் கால் திரும்பி வரும். எங்கள் ஊர்களில் கால் போனது ஷெல்லாலும் மிதிவெடியாலும். யாரும் குற்றம் செய்து இழக்கவில்லை. எந்தக் கோயிலுக்குப் போனாலும் வளரப்போவதும் இல்லை. "போன பிறப்பில என்ன செய்தாளோ" என்று வாய்க்கு வந்தபடி சொல்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அந்தப் பேச்சு இந்த மாதிரிக் கதைகளுக்குள்ளும் ஊறிக் கிடக்கிறது. ஆகவே பழைய கூத்தை எடுக்கும்போது கதையையும் ஒருதரம் பார்த்து எடுங்கள். நொண்டி, குருடு, செவிடு, விசர் என்று கூப்பிடுவதையும் களரிக்கு வெளியே விட்டுவிடுங்கள். மாற்றுவலுவுள்ளவர் என்பது படிவத்தில் எழுதுவதற்கு நல்ல சொல். கூப்பிடுவதற்கு ஆளுக்கு ஒரு பெயர் இருக்கிறதுதானே.

இனி ஓர் ஊரின் கதையைச் சொல்கிறேன். கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு குளத்தடிக் கிராமம். ஊர்ப் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். இடம்பெயர முன்னம் அங்கே வருஷாவருஷம் காத்தவராயன் கூத்து நடந்தது. திரும்பி வந்து பார்த்தால் அண்ணாவியார் இல்லை; கூத்துக் கொப்பியும் இல்லை. ஆர்மோனியம் எங்கோ ஒரு பங்கருக்குள் போய்விட்டது. அந்த நேரம் நான் ஒரு பெரிய பிழை விட்டேன். ஒற்றுமையைப் பற்றி ஒரு நாடகத்தை நானே எழுதித் தட்டச்சுப் பண்ணிக் கொண்டு போனேன். எல்லோரும் மரியாதையாக வாங்கி மடித்து வைத்தார்கள். அடுத்த கிழமை ஒருவரும் பழக வரவில்லை.

மூன்றாம் கிழமை, விழிப்புலன் இழந்த ஓர் ஐயாவை அவருடைய பேரன் கையைப் பிடித்துக் கூட்டிவந்தான். முன்பு கூத்து நடந்த காலத்தில் அவருக்கு ஒரு பாத்திரமும் கொடுக்கப்படவில்லை. ஒவ்வொரு வருஷமும் பழகும் இடத்தின் ஓரத்தில் இருந்து கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். பாட்டுகள் அவருக்குப் பாடம். முழுவதும் என்று சொல்லமாட்டேன், முக்கால்வாசி. அவர் பாட, பாடசாலைப் பிள்ளைகள் எழுதினார்கள். சில இடங்களில் பழைய நடிகர் ஒருவர், "அது அப்பிடியில்லை, இப்பிடி" என்று சண்டை பிடித்தார். இருவருக்கும் ஞாபகம் வராத இடங்களை வசனமாகப் பேசி நடப்பது என்று முடிவாயிற்று.

மட்டக்களப்புக் கூத்தில் ஏட்டண்ணாவியார் என்று ஒருவர் இருப்பார். ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆடுபவர்களுக்கு அடி எடுத்துக் கொடுப்பவர் அவர். எங்கள் ஐயா ஏடு பார்க்க முடியாத ஏட்டண்ணாவியார் ஆனார். இதில் நான் கவனித்தது என்னவென்றால், அவருக்கு நாங்கள் ஒரு உதவியும் செய்யவில்லை. கூத்து நின்றுபோன ஊருக்குக் கூத்தைத் திருப்பித் தந்தவர் அவர்தான்.

கூத்தில் ஆடுகிற வேலை மட்டுமா இருக்கிறது? பிற்பாட்டுக்காரர், மத்தளம், தாளம், உடுப்பு, முடி, ஒப்பனை, விளக்கு, திரை, ஆட்களைக் கூப்பிட்டு ஒழுங்குபடுத்துவது என்று எவ்வளவோ இருக்கிறது. காத்தவராயனில் இன்னொரு வசதியும் உண்டு. காத்தானை ஒரே ஆள் விடிய விடிய ஆடுவதில்லை; முதற்காத்தான், பிற்காத்தான் என்று ஆட்கள் மாறி மாறி வருவார்கள். நெடுநேரம் நிற்க ஏலாத ஒருவருக்கு ஒரு காட்சியைக் கொடுப்பதற்குக் கூத்தே வழி வைத்திருக்கிறது. செயற்கைக் கால் போட்ட ஒரு தம்பி அந்தத் துள்ளுநடையைத் தன் காலுக்கு ஏற்ற மாதிரி மாற்றி நடந்தான். முதல்நாள் பெரியவர்கள் முகம் சுழித்தார்கள். "ஆட்டம் பிழை" என்றார் ஒருவர். ஐயா தாளத்தைக் கொஞ்சம் இழுத்துப் பாடினார். பிறகு ஆட்டம் சரியாக விழுந்தது. ஆளைத் தாளத்துக்குள் திணிக்கிறதை விட, தாளத்தை ஆளுக்காக இழுக்கலாம். இரவு முழுவதும் நடந்த கூத்துகளைச் சுருக்கி, 1962 இல் கர்ணன் போர், பிறகு இராவணேசன், வாலிவதை என்று பேராசிரியர் வித்தியானந்தன் மேடைக்குக் கொண்டுவந்த காலத்திலும் மரபு கெட்டுப்போகும் என்று பயந்தவர்கள் இருந்திருப்பார்கள். அதனால் கூத்து அழியவில்லை.

எல்லாம் நல்லபடி நடந்தது என்று நினைக்கவேண்டாம். காது கேளாத ஒரு பையன் இருந்தான். அவனுக்குப் பபூன் பாத்திரம் கொடுப்போம், சனம் சிரிக்கும் என்று ஒருவர் சொன்னார். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. ஆனால் பையனின் அக்கா எழும்பி, "அவன்ர நடிப்பைப் பாத்துச் சிரிச்சாச் சரி. அவனைப் பாத்துச் சிரிக்க நான் விடமாட்டன்" என்று சொல்லிவிட்டு அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். இரண்டு கிழமை அவர்கள் வரவில்லை. நாங்கள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். பிறகு அவன் சேவகனாக வந்தான். நிலத்தில் ஒரு பலகையைப் போட்டோம். முன்னால் நிற்பவர் அதில் உதைத்தால் அதிர்வு அவன் காலுக்குத் தெரியும். அதுதான் அவனுக்கு அடையாளம். மிருதங்கக்காரர் எப்போதும் அவன் கண்ணில் படுகிற பக்கமே இருந்தார். வரவேண்டிய நேரத்துக்கு அவன் ஒருநாளும் பிந்தவில்லை. காது கேட்கிறவர்கள்தான் பிந்தினார்கள்.

அந்தக் கால் இழந்த மகள் ஆட வரவில்லை. உடுப்புத் தைத்தார். "வேசம் கட்டுங்கோ" என்று நாங்கள் இரண்டு தரம் கேட்டோம். மூன்றாம் தரம் கேட்கவில்லை. தைக்கிறதுதான் அவருக்கு விருப்பம் என்றால் அது போதும். மாற்றுவலுவுள்ளவர் என்றால் கட்டாயம் எல்லோர் முன்னாலும் வந்து நிற்கவேண்டும் என்று நினைப்பதும் ஒரு விதமான நெருக்குதல்தான்.

ஊருக்குள் இருக்கிற மற்ற வேறுபாடுகளையும் மூடி மறைக்கக்கூடாது. வன்னியில் 1958, 1977 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் நிறைய. அவர்களிடம் மாசி மாதத்துக் காமன் கூத்து இருக்கிறது, தப்பு இருக்கிறது. 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் திரும்பி வருகின்றன; றபான் அடித்துப் பாடுகிற பக்கீர் பைத் அவர்களுடைய சமூகத்தின் கலை. நான் சொன்ன ஊரில் ஒரு தப்புக்காரர் கேட்காமலே வந்து நின்றார். "தப்பு கோயில் கூத்துக்குச் சரிவராது" என்றார்கள் சிலர். அது வாத்தியத்தைப் பற்றிய பேச்சுப் போல இருந்தாலும் சாதியைப் பற்றிய பேச்சு என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். இரண்டு மூன்று கூட்டம் இதிலேயே போயிற்று. கடைசியில் காத்தானைக் கழுவுக்குக் கொண்டுபோகிற இடத்தில் மட்டும் தப்பு அடிப்பது என்று ஒத்துக்கொண்டார்கள். எனக்கு அது போதாது. அவருக்கும் போதாது என்றுதான் நினைக்கிறேன். அடுத்த வருஷம் மறுபடி கதைக்கலாம் என்று விட்டிருக்கிறோம்.

எங்கள் நாட்டில் வேறு இடங்களிலும் இந்த வேலை நடந்திருக்கிறது. மட்டக்களப்பில் 1996 இல், யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கியது. கனடாவைச் சேர்ந்த ஓவியர் போல் ஹோகனும் போல் சற்குணநாயகம் அடிகளாரும் அதில் முன்னின்றவர்கள். தமிழ், முஸ்லிம் கிராமங்களிலிருந்து பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றி வருவார்கள். களிமண், சாயம், கதை, நாடகம், செடி, வளர்ப்பு விலங்குகள் என்று நாள் போகும். நடந்ததைச் சொல் என்று பிள்ளையை நெருக்குவதில்லை. மண்ணில் உருவம் செய்துகொண்டிருக்கும்போது சொல்ல விரும்பினால் சொல்லும். இல்லாவிட்டால் உருவம் செய்யும்.

இன்னொன்று சுனேரா மன்றம். சுனேத்ரா பண்டாரநாயக்க 2000 ஆம் ஆண்டில் தொடங்கியது. லண்டனில் 1980 இல் அமிசி என்ற நடனக் குழுவை ஆரம்பித்த வொல்ஃப்காங் ஸ்டாங்கே என்ற நடனக் கலைஞர் அதற்கு வழிகாட்டியவர். மாற்றுவலுவுள்ள இளைஞர்களும் மற்றவர்களும் ஒரே மேடையில் ஆடுகிறார்கள். யுத்தத்தில் அவயவம் இழந்த இராணுவத்தினரும் அந்த மேடைகளில் ஆடியிருக்கிறார்கள். இதைச் சொல்லும்போது சிலருடைய முகம் மாறுவது தெரிகிறது. அது எனக்கு விளங்குகிறது. அதைப் பற்றி நான் இன்று ஒன்றும் சொல்லப்போவதில்லை. அவர்கள் பழக்குகிற முறையை மட்டும் சொல்கிறேன். பயிற்றுநர் அசைவைக் காட்டி, "இப்படிச் செய்" என்று தொடங்குவதில்லை. ஒருவருக்குக் கையை இவ்வளவுதான் உயர்த்த முடியும் என்றால் அந்த உயரத்திலிருந்து ஆட்டம் தொடங்கும். மற்றவர்கள் அதைப் பார்த்துச் சேர்ந்துகொள்வார்கள்.

இனி நீங்கள் தொடங்குவதாக இருந்தால் சில விடயங்கள். பழகுவதற்கு இடம் தெரிவு செய்யும்போது சக்கர நாற்காலியில் இருப்பவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். மணலில் சில்லு புதையும். சாணி மெழுகி இறுகின தரையில் ஓடும். களரியை மண் போட்டு உயர்த்துவதென்றால் ஒரு பக்கத்தைச் சரிவாக விடுங்கள். பக்கத்தில் மலசலகூடம் இருக்கவேண்டும். அது இல்லாததால்தான் பெண்களில் பலர் வராமல் விடுகிறார்கள், காரணத்தை வெளியே சொல்லமாட்டார்கள். களரியின் விளிம்பைச் சுற்றித் தடித்த தும்புக் கயிற்றை நிலத்தோடு அறைந்துவிட்டால் கண் தெரியாதவர்கள் காலால் எல்லையைப் பிடித்துக்கொள்வார்கள். பழகும் நேரத்தைப் பகலுக்கு மாற்றுங்கள். குடும்பத்தைத் தனியே கொண்டுநடத்துகிற பெண்களுக்கு இரவில் வந்துபோவது கஷ்டம். பாதையில் வெளிச்சமும் இல்லை.

வெடி கொளுத்தவேண்டாம். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். கூத்துத் தொடங்கும்போது சீனவெடி கொளுத்துவது எங்கள் வழக்கம்தான். ஓர் ஊரில் அந்தச் சத்தத்துக்கு நாலைந்து பிள்ளைகள் நிலத்தில் குப்புற விழுந்து படுத்துவிட்டார்கள். பெரியவர்களிலும் சிலர். அதற்குப் பிறகு அன்றைக்கு என்ன கூத்து? சங்கு ஊதலாம், மணி அடிக்கலாம்.

சாயத்துக்கு மண், உருவம் செய்யக் களி, பந்தலுக்குக் கம்பு வெட்டப் போகும்போது கண்ணிவெடி அகற்றி விடுவிக்கப்பட்ட இடத்துக்கு மட்டும் போங்கள். மண்டையோடு போட்ட பலகையோ மஞ்சள் நாடாவோ இருந்தால் அந்தப் பக்கமே வேண்டாம். பிள்ளைகளைத் தனியே அனுப்பாதீர்கள். சந்தேகமான பொருள் எதையும் தொடாமல் கிராம அலுவலருக்கு அறிவியுங்கள். இந்தக் கைநூலில் அதற்கென்று தனிப் பகுதி இருக்கிறது. ஆனாலும் கலைநிகழ்ச்சி என்ற உற்சாகத்தில் மறந்துபோகும் என்பதால் சொல்கிறேன்.

கலை எல்லாவற்றையும் குணப்படுத்தும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பாட்டுப் பாடிக்கொண்டிருக்கும்போது ஒருவருக்கு அழுகை வரலாம். பக்கத்தில் இருந்தால் போதும், கேள்வி கேட்கவேண்டாம். ஆனால் நித்திரை இல்லாமல், சாப்பாடு இறங்காமல், சாகவேண்டும் என்று கதைத்துக்கொண்டு ஒருவர் இருந்தால் அவருக்குக் கூத்து மருந்தில்லை. மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கோ உளவளத்துணையாளரிடமோ அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். தாமதிக்கவேண்டாம். யாருடைய சொந்தக் கதையையும் அவர் சம்மதம் இல்லாமல் நாடகமாக்கவும் வேண்டாம். இன்று சரி என்று சொன்னவர் நாளை வேண்டாம் என்றால் அதை எடுத்துவிடவேண்டும்.

இன்னொரு விடயம். எங்களைப் போன்ற நிறுவனத்தார் கமராவோடு வருவோம். ஊன்றுகோலையும் கையில்லாத தோளையும்தான் எங்கள் கமரா முதலில் தேடும், வெட்கத்தோடு சொல்கிறேன். படம் எடுக்கவேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. அப்படிச் சொன்னதற்காக எந்த நிவாரணமும் நிற்காது.

உரிமை என்று சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஊனமுற்றோரின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கு 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. இலங்கை 2007 இல் கையொப்பமிட்ட ஐக்கிய நாடுகள் சாசனத்தின் 30 ஆம் உறுப்புரை, கலை கலாசார வாழ்வில் பங்குகொள்வதை மாற்றுவலுவுள்ளவர்களின் உரிமை என்கிறது. பொதுநோக்கு மண்டபம் புதிதாகக் கட்டும்போது சரிவுப்பாதை கேட்டு உங்கள் கிராம அபிவிருத்திச் சங்கம் கடிதம் கொடுக்கலாம். கட்டி முடிந்த பிறகு கேட்டால் காசு இல்லை என்பார்கள். பிரதேச செயலகத்தில் கலாசார உத்தியோகத்தரும் சமூக சேவை உத்தியோகத்தரும் இருக்கிறார்கள். இரண்டு பேரையும் ஒரே நாளில் போய்ச் சந்தியுங்கள். ஒருவர் கலைஞர்களை அறிவார், மற்றவர் மாற்றுவலுவுள்ளவர்களின் பதிவை வைத்திருப்பார்; அவர்கள் இருவரையும் சேர்த்து இருத்திக் கதைப்பதே ஒரு வேலை. நிகழ்ச்சிக்கு முன்கூட்டியே கிராம அலுவலருக்கு எழுத்தில் அறிவித்து, அனுமதி தேவையென்றால் எடுத்துவிடுங்கள். கொப்பியின் ஒரு பிரதியை வேறு வீட்டில் வையுங்கள். எங்கள் ஊர்களுக்கு அது ஏன் என்று விளங்கப்படுத்தத் தேவையில்லை.

நான் நிறுத்துகிறேன். பின்னால் வேம்புக்குக் கீழே இருக்கிற அம்மா கையை உயர்த்தினீர்கள். சொல்லுங்கோ அம்மா. தம்பி, அந்த ஒலிவாங்கியை அவவிடம் கொண்டுபோய்க் கொடுங்கோ.